யார் பெரியவர்? – அளக்கும் முன் அளவுகோலைச் சொல்வோம்



ஏப்ரல் 14 என்பது ஆனேக்கல்லில் வாழும் தமிழர்களுக்கு இரட்டைத் திருநாள். சித்திரைப் புத்தாண்டும் அன்றுதான். டாக்டர் அம்பேத்கரின் பிறந்த நாளும் அன்றுதான். காலையில் வீட்டில் வேப்பம்பூவும் வெல்லமும் மாங்காயும் சேர்ந்த பச்சடி. பிற்பகலில் கடைவீதி வழியே நீலக்கொடிகளுடன் ஊர்வலம். இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் நம் அன்பர்கள் மாலைக் கூட்டத்திற்கு வருவார்கள்.

இவ்வாண்டு அந்த மாலைக் கூட்டத்தில், நம் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு மாணவர்களுக்கு ஒரு பேச்சுப்போட்டி வைத்தோம். தலைப்பு, 'இந்தியப் பொதுவாழ்வில் தலைசிறந்தவர் யார்?' என்பது. ஐந்து பேர் பேசினார்கள். காந்தியடிகள், அம்பேத்கர், காமராசர், அப்துல் கலாம், விசுவேசுவரய்யா என்று ஆளுக்கு ஒருவரை எடுத்துக்கொண்டார்கள். விசுவேசுவரய்யாவுக்காகப் பேசிய பையன் கன்னட வழிப் பள்ளியில் படிப்பவன். தமிழில் எழுதி மனப்பாடம் செய்து வந்து அழகாகப் பேசினான்.

நடுவராக என்னை உட்கார வைத்திருந்தார்கள். நான் பெரிய படிப்பாளி அல்லன். பொம்மசந்திராத் தொழிற்பேட்டையில் முப்பது ஆண்டுகள் லேத் மெஷினில் நின்று ஓய்வு பெற்றவன். தமிழ் மீதுள்ள ஆசையால் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறேன். அவ்வளவுதான்.

கலாமுக்காகப் பேசிய மாணவனுக்கு முதல் பரிசு கொடுத்தேன். குரல் கணீரென்று இருந்தது. கைதட்டலும் அவனுக்குத்தான் அதிகம். அம்பேத்கருக்காகப் பேசிய மாணவி நடுவில் இரண்டு இடங்களில் திக்கினாள். அவளுக்கு மூன்றாம் இடம். முடிவைச் சொல்லும்போது, 'ஆகவே இன்றைய தீர்ப்புப்படி இந்தியப் பொதுவாழ்வில் தலைசிறந்தவர் அப்துல் கலாம்' என்றும் சொல்லிவிட்டேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

கூட்டம் கலைந்தபின் அந்த மாணவி என்னிடம் வந்தாள். மதிப்பெண் தாளைக் காட்டச் சொன்னாள். காட்டினேன். உச்சரிப்புக்கு 30, குரலுக்கு 20, தடையில்லாமல் பேசுவதற்கு 30, கருத்துக்கு 20 என்று நானே போட்ட கட்டங்கள்.

"சார், இதுல யாரு நல்லா பேசினாங்கன்னு பார்க்கத்தான் கட்டம் இருக்கு. யாரு பெரியவங்கன்னு பார்க்க ஒரு கட்டமும் இல்லையே? அப்புறம் எப்படி சார் கலாம்தான் பெரியவருன்னு சொன்னீங்க?" என்று கேட்டாள்.

எனக்குப் பதில் வரவில்லை. அவளே தொடர்ந்தாள்: "எங்க அம்மா தெரு கூட்டுற வேலை பாக்குறாங்க சார். எங்க வீட்டுல முதல் தடவையா மேடை ஏறினது நான்தான். நான் எப்படி மேடை ஏற முடிஞ்சதுன்னுதான் பேசினேன். அதைச் சொல்லும்போதுதான் திக்குச்சு."

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. லேத்தில் வேலை செய்த எவருக்கும் ஒரு பழக்கம் இருக்கும். ஜாப்பை அளக்கும் முன் வெர்னியரை மூடிப் பார்த்து, அது பூச்சியத்தில் நிற்கிறதா என்று சரிபார்ப்போம். அளவுகோல் தவறாக இருந்தால் நல்ல ஜாப்பும் ரிஜெக்ட் ஆகும். கெட்ட ஜாப்பும் பாஸ் ஆகும். முப்பது ஆண்டுகள் இரும்பை அப்படி அளந்த நான், மனிதர்களை அளக்கும்போது அளவுகோலைப் பார்க்கவே இல்லை. அந்தத் தவறிலிருந்து நான் கற்றதையே இங்கு ஒரு பாடமாக எழுதுகிறேன். வீடுகளிலும் வகுப்புகளிலும் இதைப் படித்து விவாதித்தால் மகிழ்வேன்.

1. வாக்கு என்னும் அளவுகோல்

'யார் பெரியவர்?' என்ற கேள்விக்கு இன்று உலகம் அதிகம் பயன்படுத்தும் அளவுகோல் வாக்கு. 2002-ஆம் ஆண்டு பிரிட்டனில் பி.பி.சி. தொலைக்காட்சி, நூறு தலைசிறந்த பிரிட்டானியர் யார் என்று மக்களிடம் வாக்குக் கேட்டது. வின்ஸ்டன் சர்ச்சில் முதலிடம் பெற்றார். இளவரசி டயானா மூன்றாம் இடம், உயிரியல் அறிஞர் டார்வின் நான்காம் இடம், நியூட்டன் ஆறாம் இடம். இறந்து ஐந்தாண்டுகளே ஆகியிருந்த இளவரசிக்குப் பின்னால்தான் உலகின் அறிவையே மாற்றிய இருவரும் நின்றார்கள்.

அதே சர்ச்சிலை 1945-ஆம் ஆண்டுத் தேர்தலில் அதே நாட்டு மக்கள் தோற்கடித்தார்கள் என்பதையும், 1943-ஆம் ஆண்டு வங்காளப் பஞ்சத்தில் இருபது முதல் முப்பது இலட்சம் பேர் மடிந்தபோது பிரிட்டனின் பிரதமராக இருந்தவர் அவரே என்பதையும் இதனுடன் சேர்த்துப் பாருங்கள். இலண்டனில் நடந்த வாக்கெடுப்பில் கல்கத்தாவின் நடைபாதையில் இறந்தவர்களுக்கு வாக்கு இல்லை.

பி.பி.சி.யைப் பின்பற்றிப் பல நாடுகள் இத்தகைய வாக்கெடுப்பை நடத்தின. 2003-இல் ஜெர்மனியில் நடந்தபோது இட்லர் பெயரைப் பட்டியலிலேயே சேர்க்க அமைப்பாளர்கள் இடம் தரவில்லை. அடினோவர் முதலிடம் பெற்றார். 2004-இல் தென்னாப்பிரிக்காவில் நெல்சன் மண்டேலா முதலிடம் பெற்றார். ஆனால் நிறவெறி ஆட்சியை வடிவமைத்த வெர்வூர்டும் முதல் இருபது பேருக்குள் வந்துவிட்டார். அதனால் எழுந்த சர்ச்சையில் நிகழ்ச்சியே நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு நெதர்லாந்தில், வெற்றியாளரை அறிவித்த பிறகு எண்ணி முடித்த வாக்குகளைப் பார்த்தால் வேறொருவருக்கு அதிகம் விழுந்திருந்தது. ஆனாலும் அறிவித்த முடிவு அறிவித்ததாகவே இருந்தது.

எல்லாவற்றிலும் வியப்பானது 2007-இல் போர்ச்சுகலில் நடந்தது. நாற்பது விழுக்காட்டுக்கும் மேல் வாக்குப் பெற்று முதலிடம் வந்தவர் சலசார். 1932 முதல் 1968 வரை அந்நாட்டைத் தனி ஆதிக்கமாக ஆண்டவர். இரண்டாம் இடம் பெற்றவர் குன்யால். சலசாரின் சிறையில் பல ஆண்டுகள் கிடந்த பொதுவுடைமைத் தலைவர். மூன்றாம் இடம் பெற்றவர் சோசா மென்டிசு. 1940-இல் பிரான்சு நாட்டின் போர்தோ நகரில் போர்ச்சுகல் நாட்டுத் தூதரக அதிகாரியாக இருந்தவர். நாஜிகளுக்குத் தப்பி ஓடி வந்த அகதிகளுக்கு, அரசின் உத்தரவை மீறி ஆயிரக்கணக்கில் விசா வழங்கினார். அதற்காகச் சலசார் அரசு அவரைத் தண்டித்தது; வறுமையில் இறந்தார். ஆக, சிறையில் அடைத்தவர் முதலிடம், அடைபட்டவர் இரண்டாம் இடம், மனிதநேயத்துக்காகத் தண்டிக்கப்பட்டவர் மூன்றாம் இடம்!

வாக்கு பயனற்றது என்று நான் சொல்ல வரவில்லை. ஆட்சியாளரைத் தேர்ந்தெடுக்க அதைவிட நல்ல முறை இல்லை. ஆனால் ஒருவர் எவ்வளவு அறியப்பட்டவர், எவ்வளவு விரும்பப்படுகிறார் என்பதைத்தான் அது காட்டும். எவ்வளவு பெரியவர் என்பதைக் காட்டாது. நம் காமராசரையே 1967-இல் விருதுநகர் மக்கள் ஒரு மாணவர் தலைவரிடம் தோற்கடித்தார்கள். அம்பேத்கர் 1952 பொதுத் தேர்தலில் வடக்கு பம்பாய்த் தொகுதியிலும், 1954 இடைத்தேர்தலில் பண்டாராவிலும் தோற்றார். அந்தத் தோல்விகளால் அவர்கள் சிறுத்துப் போனார்களா?

2. இந்தியாவில் நடந்த வாக்கெடுப்பு

2012-இல் நம் நாட்டிலும் ஓர் ஆங்கிலச் செய்தித் தொலைக்காட்சியும் ஒரு வரலாற்றுத் தொலைக்காட்சியும் அவுட்லுக் இதழும் சேர்ந்து இதே போட்டியை நடத்தின. தலைப்பையே கவனியுங்கள்: 'காந்திக்குப் பிறகு தலைசிறந்த இந்தியர் யார்?' காந்தியடிகளைப் பட்டியலில் வைத்தால் போட்டியே இருக்காது என்று கருதி, அவரை அளவுக்கு அப்பாற்பட்டவராக வெளியே வைத்துவிட்டார்கள். முதலிடம் யாருக்கு என்று வாக்குப் பெட்டியைத் திறக்கும் முன்பே ஒரு தீர்ப்பு வந்துவிட்டது. இரண்டாம் இடத்துக்குத்தான் போட்டி.

நடுவர் குழு ஒன்று ஐம்பது பெயர்களைத் தேர்ந்தது. பிறகு அது பத்துப் பெயராகச் சுருங்கியது. அம்பேத்கர், கலாம், படேல், நேரு, அன்னை தெரசா, ஜே.ஆர்.டி. டாட்டா, இந்திரா காந்தி, சச்சின் தெண்டுல்கர், வாஜ்பாயி, லதா மங்கேஷ்கர் ஆகியோர் அந்தப் பத்துப் பேர். அரசியல், தொழில், தொண்டு, விளையாட்டு, பாட்டு எல்லாம் ஒரே தராசில்! அரிசியைப் படியாலும் துணியை முழத்தாலும் அளக்கிற நாம், இவர்களை மட்டும் எதனால் அளந்தோம்?

நடுவர் குழுவில் அம்பேத்கரும் நேருவும் சமமாக முதலிடம் பெற்றார்கள். பொதுமக்கள் வாக்கிலோ நேரு மிகவும் பின்தங்கிவிட்டார். அளவுகோல் மாறியதும் அதே மனிதர் நின்ற இடமும் மாறிவிட்டது. முடிவில் அம்பேத்கர் முதலிடம் என்று அறிவிக்கப்பட்டது. கலாம் இரண்டாம் இடம்.

எங்கள் மாணவிக்கு இது தெரிந்திருந்தால், 'பாருங்கள், நாடே என் பக்கம்' என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அதுவும் கைதட்டலை எண்ணுகிற வேலையாகவே இருந்திருக்கும். அவள் கேட்ட கேள்வி அதைவிட ஆழமானது.

3. ஆற்றின் எந்தக் கரையில் நிற்கிறோம்?

விசுவேசுவரய்யாவுக்காகப் பேசிய பையனின் பேச்சிலிருந்தும் நான் ஒன்று கற்றுக்கொண்டேன். மாண்டியா மாவட்டத்தில் உழவர் வீடுகளில் அவர் படத்துக்கு மாலை போடுவதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். வறண்டு கிடந்த அந்த நிலத்திற்குக் கிருஷ்ணராஜ சாகர் அணை தண்ணீர் கொண்டுவந்தது. 1911-இல் தொடங்கிய அந்த வேலைக்கு மூளையாக இருந்தவர் அவர். ஆனால் தஞ்சாவூர் உழவர் ஒருவரிடம் அதே அணையைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். முகம் வேறு மாதிரி மாறும். மைசூருக்கும் சென்னை மாகாணத்துக்கும் இடையே 1892-லும் 1924-லும் ஏற்பட்ட ஒப்பந்தங்கள் முதல், 1991 டிசம்பரில் பெங்களூர்த் தமிழர்கள் பட்ட பாடு வரை எல்லாம் அந்த முகத்தில் தெரியும்.

இன்னொரு செய்தியும் உண்டு. விசுவேசுவரய்யா 1912 முதல் 1918 வரை மைசூர்த் திவானாக இருந்தார். அப்போது மன்னர் நால்வடி கிருஷ்ணராஜ உடையார், அரசு வேலைகளில் ஒரே சாதியாரே நிறைந்திருப்பதைக் கண்டு, பிற்பட்ட மக்களுக்கு இடம் கொடுப்பது பற்றி ஆராய நீதிபதி மில்லர் தலைமையில் 1918-இல் ஒரு குழு அமைத்தார். தகுதி ஒன்றே அளவாக இருக்க வேண்டும் என்று கருதிய விசுவேசுவரய்யா இதில் உடன்படாமல் திவான் பதவியை விட்டு விலகினார். அணையை வைத்து அளந்தால் திவான் பெரியவர். வேலைவாய்ப்பு மறுக்கப்பட்டிருந்த வீட்டிலிருந்து அளந்தால் மன்னர் பெரியவர். இருவரும் கொள்கையோடு நடந்தவர்களே. நாம் எந்த வீட்டின் திண்ணையில் உட்கார்ந்து பார்க்கிறோம் என்பதில்தான் வேறுபாடு.

நம் வள்ளுவருக்கே இதே நகரத்தில் என்ன நடந்தது? அல்சூர் ஏரிக்கரையில் அவர் சிலை பதினெட்டு ஆண்டுகள் மூடியே கிடந்தது. 2009 ஆகஸ்டு 9 அன்று திறக்கப்பட்டது. நான்கு நாள் கழித்துச் சென்னையில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. துணி மூடியிருந்த காலத்தில் வள்ளுவர் சிறியவராக இருந்தாரா? திறந்த அன்று பெரியவர் ஆனாரா? ஒன்றும் இல்லை. நாம் எப்படிப்பட்ட அயலார் என்பதைத்தான் அந்தத் துணி காட்டியது.

4. அம்பேத்கரே கேட்ட கேள்வி

போட்டி முடிந்த வாரம், நூலகத்தில் எடுத்த ஒரு சிறு நூலைப் படித்தேன். 'ரானடே, காந்தி, ஜின்னா' என்பது அதன் பெயர். 1943 சனவரி 18 அன்று புனாவில், நீதிபதி மகாதேவ் கோவிந்த ரானடேயின் 101-ஆவது பிறந்த நாள் விழாவில் அம்பேத்கர் ஆற்றிய உரை அது. எனக்கு வியப்பாகிவிட்டது. ஒருவரை எப்போது 'பெரியவர்' என்று அழைக்கலாம் என்ற கேள்வியைத்தான் அவர் அதில் எடுத்து அலசுகிறார்!

அவர் போகும் வழியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெரியவருக்கு உள்ளத்தில் உண்மை வேண்டும் என்று கார்லைல் என்ற ஸ்காட்லாந்து அறிஞர் சொன்னார். அது வேண்டியதுதான், ஆனால் அது மட்டும் போதாது என்கிறார் அம்பேத்கர். உண்மையாகவே நம்பிக்கொண்டு முட்டாள்தனம் செய்பவர்களும் உண்டல்லவா? ஆகவே உண்மையுடன் அறிவும் வேண்டும். ஆனால் இந்த இரண்டும் சேர்ந்தாலும் ஒருவர் புகழ்பெற்றவர் ஆகலாமே தவிரப் பெரியவர் ஆகிவிட மாட்டார். மூன்றாவதாக ஒன்று வேண்டும். சமுதாயத்தை மாற்ற வேண்டும் என்ற நோக்கம் அவரை உந்த வேண்டும். அவர் சமுதாயத்திற்குச் சவுக்காகவும் இருக்க வேண்டும். அதன் அழுக்கை அள்ளும் துப்புரவாளராகவும் இருக்க வேண்டும். புகழ்பெற்றவரையும் பெரியவரையும் பிரிக்கும் கோடு இதுதான் என்பது அவர் முடிவு.

துப்புரவாளர் என்ற சொல்லில் நான் நின்றுவிட்டேன். பெருமைக்கு இலக்கணம் சொல்ல வந்தவர், அரசனையோ படைத்தலைவனையோ காட்டாமல், ஊர் அழுக்கை அள்ளுபவரைக் காட்டினார். நான் மூன்றாம் இடம் கொடுத்த மாணவியின் தாய் செய்யும் வேலை அது. அவளிடம் நான் எந்த அளவுகோலைக் காட்ட மறந்தேனோ, அதை அவள் வீட்டு வாசலிலிருந்தே எடுத்து வைத்திருந்தார் அம்பேத்கர்.

அதே உரையில் தனிமனித வழிபாட்டை அவர் கடுமையாகச் சாடினார். அன்று நாடே போற்றிய காந்தியடிகளையும் ஜின்னாவையும் விமரிசித்தார். பத்திரிகைகள் சில அவர்மீது பாய்ந்தன. உரையை நூலாக அச்சிட்டபோது, தாம் சிலைகளை வணங்குபவர் அல்லர், உடைப்பவர் என்று முன்னுரையில் எழுதினார். 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேசியபோதும் இதையே எச்சரித்தார். நாட்டுக்கு உழைத்தவரிடம் நன்றி காட்டலாம். ஆனால் எவ்வளவு பெரியவர் ஆனாலும் அவர் காலடியில் நம் உரிமையை வைத்துவிடக் கூடாது. சமயத்தில் பக்தி ஆன்மாவைக் கரையேற்றலாம். அரசியலில் பக்தி சர்வாதிகாரத்தில்தான் கொண்டுபோய் விடும் என்றார்.

இதைப் படித்தபின் 2012-ஆம் ஆண்டு வாக்கெடுப்பை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, சிந்தனையும் வருகிறது. 'என்னை வணங்காதீர்கள்' என்று சொன்னவரையே நாம் மேடையில் ஏற்றி முதல் பரிசு கொடுத்தோம்.

5. பெயர் மறைந்தும் பணி நிற்பது

அம்பேத்கர் சொன்ன இலக்கணத்தோடு, என் அனுபவத்திலிருந்து ஒரு சோதனையைச் சேர்க்கிறேன். ஒருவர் பெயரை மறந்துவிட்ட பிறகும் அவர் செய்த வேலை நம் அன்றாட வாழ்வில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.

முப்பது ஆண்டுகள் ஃபர்ஸ்ட் ஷிப்ட், செகண்ட் ஷிப்ட், நைட் ஷிப்ட் என்று மாறி மாறிப் போய் வந்தேன். ஷிப்டுக்கு எட்டு மணி நேரம். வாரத்துக்கு 48 மணி. அதற்கு மேல் நின்றால் ஓவர்டைம் சம்பளம். இந்த 48 எங்கிருந்து வந்தது என்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை. 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தவர் அம்பேத்கர். ஆண்டு முழுவதும் ஓடும் தொழிற்சாலைகளில் வாரத்துக்கு 54 மணியாக இருந்த வேலை நேரம், 1946-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் 48 மணியாகக் குறைந்தது. அந்த ஆறு மணி நேரத்தில்தான் நான் என் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தேன். ஜிகனியிலும் அத்திபெலேயிலும் பஞ்ச் அடித்து வெளியே வரும் எத்தனை பேருக்கு இது தெரியும்?

இது பழங்கதையும் அல்ல. 2023-இல் கர்நாடகத்தில், ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் வரை வேலை வாங்கலாம் என்று தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்திலும் அத்தகைய மசோதா நிறைவேறி, தொழிற்சங்கங்களின் எதிர்ப்பால் திரும்பப் பெறப்பட்டது. ஆனால் வாரத்துக்கு 48 என்ற எல்லையைக் கர்நாடகத் திருத்தம் தொடவில்லை. நாளின் கணக்கைத் தொட்டவர்களும் வாரத்தின் கணக்கைத் தொடத் தயங்கினார்கள்.

காமராசரையும் இதே சோதனையில் வைத்துப் பாருங்கள். அவர் 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்தார். தம் பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்டவர், ஊர்தோறும் பள்ளிகளைத் திறந்து மதிய உணவும் போட்டார். பிறகு கட்சிப் பணிக்காகப் பதவியைத் தாமே விட்டார். இன்று அரசுப் பள்ளியில் தட்டை நீட்டும் குழந்தைக்கு அவர் பெயர் தெரிந்திருக்க வேண்டியதில்லை. சோறு வருகிறது, அது போதும்.

6. குறையையும் சொல்லுதல்

அளவுகோல் நேராக இருக்க வேண்டுமானால், நாம் போற்றுபவரின் குறையையும் அதே அளவில் சொல்ல வேண்டும். முதல் பரிசு பெற்ற மாணவனின் பேச்சில் கலாமிடம் ஒரு குறையும் இல்லை. நிறைகுடமாகவே காட்டினான்.

உண்மையில், 2005-இல் பீகார் சட்டமன்றத்தைக் கலைக்கும் ஆணையில் கலாம், மாஸ்கோவில் பயணத்தில் இருந்தபோது, கையெழுத்திட்டார். அந்தக் கலைப்பு அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று 2006-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பதவி விலகிவிடலாமா என்று அப்போது தாம் நினைத்ததைக் கலாமே பின்னாளில் எழுதியிருக்கிறார். இதைச் சொன்னதால் இராமேசுவரத்தின் அந்த எளிய மனிதர் குறைந்துவிட்டாரா? மாறாக, தவறு தம் கையெழுத்தில் நேர்ந்ததற்கு மனம் குமைந்த ஒருவரை நாம் இன்னும் நெருக்கமாக அறிந்துகொள்கிறோம்.

காந்தியடிகளும் அப்படியே. 1932-இல் தாழ்த்தப்பட்டோருக்குத் தனித்தொகுதி வாக்குமுறை கூடாது என்று எரவாடா சிறையில் அவர் உண்ணாநோன்பு இருந்தார். அம்பேத்கர் வேறு வழியின்றிச் செப்டம்பர் 24 அன்று புனா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அந்த நோன்பு நாட்டை ஒன்றாக்கியது என்பார் ஒரு சாரார். எளியவர் கழுத்தில் வைத்த கத்தி என்பார் மற்றொரு சாரார். வகுப்பில் இரண்டையும் சொல்லித்தர வேண்டும். ஒன்றை மறைத்துவிட்டு மற்றொருவரைப் பெரியவர் ஆக்கினால், அந்தப் பெருமை மெலிந்த சுவர்மேல் நிற்கும் பெருமைதான்.

7. அளக்கும் முறை

இதுவரை பார்த்தவற்றைத் தொகுத்து, நம் வகுப்புக்காக ஐந்து படிகளாக எழுதி வைத்திருக்கிறேன்.

முதற்படி: பட்டியல் போட்டவர் யார், அதில் விடுபட்டவர் யார் என்று கேள். நாங்கள் எடுத்துக்கொண்ட ஐவரில் ஒரு பெண்கூட இல்லை. அதை நான் இந்தக் கட்டுரை எழுத உட்கார்ந்தபோதுதான் கவனித்தேன்.

இரண்டாம்படி: எந்தத் துறையில் அளக்கிறோம் என்று முதலிலேயே சொல். மட்டையையும் சட்டத்தையும் ஒரே தராசில் வைக்காதே.

மூன்றாம்படி: அவருக்கு முன்னால் யாருக்கு எது மறுக்கப்பட்டிருந்தது, அவருக்குப் பின்னால் யாருக்கு எது கிடைத்தது என்று கேள். கடைசி வீட்டில் இருப்பவரைக் கேட்டு இதற்கு விடை எழுது.

நான்காம்படி: அந்தப் பணிக்காக அவர் எதை இழந்தார், யாருடைய கோபத்தைத் தாங்கினார் என்று பார். இந்துச் சட்டத் தொகுப்பு மசோதா முடங்கிப்போன வருத்தத்தில் அம்பேத்கர் 1951-இல் அமைச்சர் பதவியை விட்டார் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

ஐந்தாம்படி: அவருடைய குறை ஒன்றையாவது சொல். சொல்ல முடியவில்லை என்றால் நீ அவரைப் படிக்கவில்லை, வணங்குகிறாய்.

8. முடிவுரை

பெரியது எது என்று முருகன் கேட்க, ஒளவைப் பாட்டி ஒன்றைவிட ஒன்று பெரிது என்று அடுக்கிக்கொண்டே போய், கடைசியில் தொண்டர் பெருமையைச் சொல்ல முடியாது என்று நிறுத்திய கதையை நாம் குழந்தையிலிருந்து கேட்டிருக்கிறோம். அண்டத்திலிருந்து தொடங்கியவள் தொண்டரிடம் வந்து நின்றாள். கணியன் பூங்குன்றனாரின் பாட்டில் எல்லா ஊரும் நம் ஊர் என்னும் முதலடியை மேடைதோறும் சொல்கிறோம். அயலூரில் வாழும் நமக்கு அது இனிக்கிறது. ஆனால் அந்தப் பாட்டு முடியும் இடத்தை மறந்துவிடுகிறோம். பெரியோரைக் கண்டு வியப்பதும் எமக்கு இல்லை, சிறியோரை இகழ்வது அதைவிடவும் இல்லை என்ற பொருளில் அல்லவா அது முடிகிறது! அம்பேத்கர் 1949-இல் சபையில் எச்சரித்ததும் ஏறக்குறைய இதைத்தான்.

போட்டிக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் என் தவறை எல்லோர் முன்னும் சொன்னேன். முதல் பரிசு பேச்சுக்காகக் கொடுத்தது. அது அந்த மாணவனுக்கே உரியது. ஆனால் 'தலைசிறந்தவர் இவரே' என்று நான் சொன்ன தீர்ப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்றேன். கலாமுக்காகப் பேசிய பையன் எழுந்து, "அப்போ சார், இந்த அஞ்சு படியை வெச்சு மறுபடியும் பேசலாமா?" என்று கேட்டான். வரும் ஆண்டு அப்படியே நடத்துவது என்று முடிவாயிற்று. மதிப்பெண் தாளில் கருத்துக்கு 20 என்றிருந்ததை 60 ஆக்கிவிட்டோம். தடையில்லாமல் பேசுவதற்கு இனி 10 மட்டுமே.

அந்த மாணவியிடம், "இந்த முறையும் அம்பேத்கர்தானாம்மா?" என்று கேட்டேன்.

"இல்ல சார். அவரைப் பத்தி வேற யாராவது பேசட்டும். அவருகிட்ட என்ன குறைன்னு நான் தேடிப் படிக்கணும்" என்றாள்.

பாடம் யாருக்குப் புரிந்ததோ இல்லையோ, அவளுக்குப் புரிந்துவிட்டது.

சிந்திக்கச் சில வினாக்கள்

1. உங்கள் வீட்டில் படமாக மாட்டியிருக்கும் தலைவர் யார்? அவர் குறை ஒன்றை உங்களால் சொல்ல முடியுமா?

2. காந்தியடிகளைப் போட்டிக்கு வெளியே வைத்தது அவருக்குச் செய்த மரியாதையா, அவரை அளக்க அஞ்சியதா?

3. கிருஷ்ணராஜ சாகர் அணையைப் பற்றி ஒரு மாண்டியா உழவரும் ஒரு தஞ்சை உழவரும் பேசிக்கொள்வதாக ஓர் உரையாடல் எழுதுக. இருவரும் மரியாதையோடு பேச வேண்டும்.

4. நீங்கள் அன்றாடம் அனுபவிக்கும் உரிமை ஒன்றை எடுத்துக்கொண்டு, அது யாரால், எந்த ஆண்டு வந்தது என்று கண்டுபிடித்து வருக.

5. நாங்கள் விட்டுவிட்ட பெண் தலைவர்களுள் ஒருவரைத் தேர்ந்து, ஐந்து படிகளிலும் வைத்து அளந்து காட்டுக.